பித்தளை நாக்கு

"இது இன்னாவா இருந்துச்சு?"

எங்கள் ஸ்கிராப் யார்டில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இந்தக் கேள்வி எழும். கேட்பது ஒரே ஆள்தான். கையில் ஏதாவது ஓர் இரும்பு இருக்கும். வளைந்தது, நசுங்கியது, பாதி எரிந்தது என்று எதுவானாலும் சரி. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேரே நீட்டுவார். பதில் வரும்வரை அந்தச் சாமான் குவியலுக்குத் திரும்பாது. பின்னால் வரிசை நின்றுவிடும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலை எங்களுடையது. பெயர் வேண்டாம். நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். லேபில் கெமிஸ்ட். ஒவ்வொரு உருக்கிலும் ஒரு கரண்டி எடுத்துச் சின்ன அச்சில் ஊற்றுவார்கள். ஆறியதும் ஒரு வில்லையாக வரும். அதை மெஷினில் வைத்து கார்பன் எவ்வளவு, காப்பர் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் வேலை. காலையில் செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகும் வண்டிக்காகக் கால் கடுக்க நின்று, ஆலைக்கு வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்யாமல் விட்ட காரியத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே சாக்கு இந்தக் களைப்புதான்.

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. கேட் பாஸில் இருந்தது அவருடைய நாத்தனாரின் பெயர். நாத்தனாருக்கு முதுகு போய்விட, அதே பாஸில் இவர் வர ஆரம்பித்தார். காண்ட்ராக்டருக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். பாஸில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அதனால் எல்லாருக்குமே 'யக்கா'தான். எளாவூர் பக்கத்திலிருந்து, லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வருவார். ஐம்பதைத் தாண்டிய வயது. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கையில் ஓட்டை விழுந்த உறை, முழங்காலில் எப்போதும் ஒரு துணிக்கட்டு.

வேலை என்னவோ எளிதுதான், சொல்வதற்கு. குவியலில் மஞ்சளாகத் தெரிவதைப் பொறுக்க வேண்டும். பித்தளையும் செம்பும் உருக்கில் சேர்ந்தால் கம்பி விரிசல் விடும். வாய் மூடிய எதையும் பொறுக்க வேண்டும். அடைத்த குழாய், வண்டி ஷாக் அப்சார்பர் மாதிரி ஏதாவது உலைக்குள் போனால் உலையே வெடிக்கும். இந்த இரண்டையும் பொறுக்கிவிட்டு மற்றதைத் தள்ளிவிட வேண்டியதுதான். மற்ற பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். அக்காவால் முடியாது. ஒரு சாமான் முன்னால் என்னவாக இருந்தது என்று தெரியாமல் அதை உலைக்கு விட அவருக்கு மனசு வராது.

"கொதிக்கப் போற சாமானுக்கு ஜாதகம் பாக்குதுய்யா இந்தம்மா" என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

"போறது போவட்டும் மேஸ்திரி. இன்னான்னு தெரிஞ்சிகினு போவட்டும். அவ்ளோதான?"

ஒருமுறை பின்னிய சங்கிலி ஒன்று வெளிநாட்டு ஸ்கிராப் கன்டெய்னரில் வந்தது. எவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அக்கா அதை ஷெட்டின் ஆணியில் ஒரு வாரம் மாட்டி வைத்து, வருகிற போகிற டிரைவரையெல்லாம் கேட்டார். கடைசியில் வடக்கே மலைப்பக்கம் வண்டி ஓட்டிய ஒருவர் சொன்னார், பனியில் வழுக்காமலிருக்க டயரில் சுற்றும் சங்கிலி என்று. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாந்தூரம் குளுர்ல கெடந்துட்டு இங்க வந்து வேவணும்னு இதும் தலைல எழுதி கீதே!" அப்புறம் தானே கழற்றிக் கொண்டுபோய்க் குவியலில் போட்டார். எடுத்து வைத்துக்கொள்ளும் ஆசை கிடையாது. தெரிந்துகொண்டால் விட்டுவிடுவார்.

எனக்கும் எரிச்சல் வரும். மறைப்பானேன். லேப் ஜன்னல் யார்டைப் பார்த்திருப்பதால், பதில் தெரியாத சாமானெல்லாம் என்னிடம்தான் வரும். "சார், நீங்க படிச்சவரு" என்று ஆரம்பித்தாலே நான் எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். பம்பு, கேட்டு, ஏதோ ஒரு மெஷின். பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "ஏதோ ஒரு மெஷினா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

கத்தி வந்தது ஒரு மத்தியானம். சாப்பாட்டு நேரம். கதவைத் திறந்து, கை உறையைக் கழற்றி, உள்ளங்கையை நீட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு துருக்கட்டி. ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

"பித்தளன்னு எடுத்தேன் சார். பாத்தா உள்ள இன்னாவோ மடங்கிகினு கீது. இது இன்னாவா இருந்துச்சு?"

"மடக்குக் கத்திக்கா."

"கத்தின்னு எனக்கும் தெரியும். இன்னா கத்தி?"

எனக்குப் பசி. வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறேன் என்றேன். அவர் போகவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து, சோற்றைப் பிசைந்தபடியே கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பூதக்கண்ணாடியின் அடியில் வைத்தேன். கைப்பிடியில் துருவுக்கு நடுவே வெளுப்பாக ஒரு பட்டை. அதில் ஊசிமுனைப் புள்ளிகளாக நுண்துளைகள். எலும்பு. அலகு கைப்பிடிக்குள் இறுகிக் கிடந்தது. மறுமுனையில் இருந்த பித்தளை, குமிழோ பூணோ இல்லை. மடித்து வைக்கும் தட்டையான ஒரு நாக்கு. முனை மழுங்கல். எதையும் வெட்டாது. அப்போதுதான் எனக்கும் கொஞ்சம் ஆசை பிடித்தது.

பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்பவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தேடிச் சேர்ந்து, படத்தைப் போட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் கடிதம் பிரிக்க என்றார். ஒருவர் சிப்பி திறக்க என்றார். ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள்: தேய்க்காதே. உப்புத்தாள் கூடாது, ஆசிட் கூடாது. அலகு கைப்பிடிக்குள் நுழையும் கழுத்தில்தான் செய்தவனின் முத்திரை இருக்கும். துருவோடு அதையும் எடுத்துவிட்டால் அப்புறம் அது யாருடைய கத்தியும் இல்லை. நான் கெமிஸ்ட். அலமாரியில் ஆசிட் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பத்தே நிமிடத்தில் பளிச்சென்று ஆக்கியிருப்பேன். அந்தக் குழுவில் கேட்காமல் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அவர்கள் சொன்னபடி கீலில் மட்டும் தினம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம். சிரிஞ்சால். எலும்பில் பட்டால் கறுத்து ஊறிப்போகும் என்பதால் பஞ்சைச் சுற்றிக்கொண்டு. ஊறிய துருவைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டுவது. அலகை நகத்தால் ஒரு நூலளவு அசைத்துப் பார்ப்பது. வரவில்லையென்றால் நாளைக்கு. அக்கா தினமும் மத்தியானம் வந்துவிடுவார். அவர் விரல்கள் என் விரல்களைவிடத் தடிமன். ஆனால் குச்சி அவரிடம் இருந்தால் எலும்பில் ஒரு கீறல் விழாது.

கத்தியை வெளியே கொண்டுபோக முடியாது. கேட்டுக்குள் வந்த இரும்பு ஆணியானாலும் கம்பெனிச் சொத்து. சாயந்தரம் பெண்களை ஒரு செக்யூரிட்டியம்மா கையால் தடவிப் பார்த்துத்தான் விடுவார். போன வருஷம் ஒருத்தி இடுப்பில் ஒரு குழாய்த் திருகு இருந்ததற்கு அன்றோடு வேலை போனது. அதனால் கத்தி என் டிராயரில், சாம்பிள் வில்லைகள் வைக்கும் சின்ன அட்டைப்பெட்டி ஒன்றில் கிடந்தது. வெறும் பெட்டியாக இருந்தால் யாராவது திறப்பார்கள் என்று, இரண்டு மாதம் முந்திய ஓர் உருக்கின் நம்பரை எழுதி ஒட்டினேன். அந்த உருக்கின் உண்மையான வில்லை எப்போதோ தொலைந்துபோயிருந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பித்தளை நாக்கு முதலில் திறந்தது. அக்காதான் திறந்தார். திறந்ததும் அதை ஆள்காட்டி விரலில் வைத்து லேசாக அழுத்தினார். பிறகு மேஜை விளிம்பில், காற்றில், எதையோ கீறி எதற்கடியிலோ நுழைத்துத் தூக்குவதுபோல மணிக்கட்டைத் திருப்பினார். இரண்டு தடவை. முகம் மாறிவிட்டது.

"சார், இது பட்ட தூக்கறது."

"என்ன பட்டை?"

"மரப்பட்ட சார். மொட்டு ஒட்டு கட்டுவாங்கல்ல? கத்தியால ஒரு கீறு. அப்பால பட்டைய நோவாம தூக்கி, உள்ள மொட்ட சொருவி, வாழநாரால சுத்திடுவாங்க. எங்க நைனா கூடூர்ப் பக்கம் சாத்துக்குடி நாத்துத் தோட்டத்துல அதான் செஞ்சிகினு இருந்தாரு."

"உங்க அப்பாகிட்ட இந்த மாதிரி கத்தி இருந்துச்சா?"

"நைனாகிட்டயா!" சிரித்தார். "தோட்டத்து மொதலாளி ரெட்டியாரு இடுப்புல இருந்திச்சு. மஞ்ச நாக்கு வச்சது. ஆள் வெச்சி வேல வாங்குவாரே தவிர கத்திய குடுக்க மாட்டாரு. காணாப் பூடும்னு. நைனா மூங்கி சிம்ப சீவி வச்சிக்குவாரு. சிம்பு ஒடைஞ்சா நகத்தால தூக்குவாரு. பத்து வெரல்லயும் நகம் சொத்த."

அன்று இரவுக்குள் குழுவில் அதை எழுதினேன். அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரேயடியாக அடங்கிப்போனார்கள். ஆமாம், ஒட்டுக் கத்தி. இரண்டு நாள் கழித்து அலகும் திறந்தபோது கழுத்தில் முத்திரை தெரிந்தது. கிளையில் உட்கார்ந்த ஒரு பறவை, அதற்குக் கீழே மூன்று எழுத்து. படத்தைப் பார்த்த ஒரு பெரியவர், தன் ஆயுசில் இந்த முத்திரையை ஒரே ஒருமுறைதான், அதுவும் உடைந்த அலகில்தான் பார்த்திருப்பதாக எழுதினார். நாக்கு முழுசாக இருக்கும் கத்தியை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். பத்திரம், பத்திரம் என்று இரண்டு தடவை எழுதியிருந்தார்.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். அரிது என்பதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்று கேட்டார்.

"ஒரே ஒரு நாளு ஊட்டுக்கு எத்துனு போவ உடுவாங்களா சார்? எனக்கு வோணாம். நைனா கைல ஒருவாட்டி குடுத்துட்டு மறுநாளே கொண்டாந்துடறேன். கண்ணு அவுட்டு. ஆனா கைல வச்சா தெரிஞ்சிக்குவாரு."

இதற்கு ஒரு வழி இருந்தது. பிளான்ட் மேனேஜருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், ஸ்கிராப் விலைக்குச் சாமானை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போடுவார். பழைய குழாய், தகரம் என்று ஆபீஸ் ஆட்கள் அப்படி வாங்கியிருக்கிறார்கள். அக்கா எழுத முடியாது. பாஸில் இருப்பது வேறு பெயர். நான்தான் எழுத வேண்டும். எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு வரிக் கடிதம்.

மறுநாள் மேனேஜர் மூட் சரியில்லை. அதற்கடுத்த நாள் ரயில் லேட். அப்புறம் ஒரு வாரம் உருக்கில் காப்பர் ஏறி, எல்லாரும் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மத்தியானம் வருவார், எண்ணெய்த் துணியால் அலகைத் துடைத்து வைப்பார், கதவருகே நின்று "கேட்டீங்களா சார்?" என்பார். "நாளைக்குக்கா." முதலில் தினமும் கேட்டார். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. ஒரு கட்டத்தில் கேள்வியை விட்டுவிட்டு என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். என்னால் அந்த இரண்டு வரியை எழுத முடியவில்லை. எழுதினால் எப்படிக் கிடைத்தது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று பேஜாராகும். அதற்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. ஐந்து வாரம் ஓட்டினேன்.

ஆறாவது வாரம் தலைமை ஆபீஸிலிருந்து ஆடிட். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி லேப் ரிஜிஸ்டரைப் புரட்டி, பழைய உருக்குகளில் கண்ணை மூடிக்கொண்டு நாலு நம்பரைக் குறித்தார். அந்த வில்லைகளைக் கொண்டு வா, திரும்ப டெஸ்ட் செய்து பார்க்கலாம் என்றார். நாலாவது, கத்திப் பெட்டியில் நான் ஒட்டிய நம்பர். நம்பர் இருந்தது, பெட்டி இருந்தது, என் கையெழுத்தும் இருந்தது. தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். நான் ஒட்டிய சீட்டு என்னைவிட முந்திக்கொண்டு டிராயரிலிருந்து எட்டிப் பார்த்தது. அவரே எடுத்துத் திறந்தார்.

"என்னது இது?"

மேனேஜரும் பக்கத்தில் நின்றார். அந்த நேரம் பார்த்து அக்கா தூக்குவாளியோடு கதவில்.

என்னிடம் பதில் இருந்தது. ஒட்டுக் கத்தி சார், இந்த முத்திரையோடு முழுசாக வேறு கிடையாது சார், இந்த அக்காதான் கண்டுபிடித்தார் சார். இவ்வளவும் நாக்கு நுனியில் நின்றது. எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் காலேஜில் படிக்கிறாள். "தெரியல சார்" என்றேன்.

தெரியவில்லை என்று சொன்னதை அக்கா கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"நான்தான் சார் வச்சேன். பெருக்க வந்தப்போ பொட்டி காலியா கெடந்திச்சு. அவருக்கு ஒன்னியும் தெர்யாது."

"திருடவா?" என்றார் அதிகாரி.

"திருடறவ ஆபீஸ் ரூம்ல வப்பனா? கேட்ட தாண்டல சார். ஸ்கிராப்ல வந்திச்சு. ஸ்கிராப்லயே போட்டுர்றேன்."

"உன் பேர் என்ன?" என்று மேனேஜர் பேனாவை எடுத்தார்.

பெயரை எழுதினால் பாஸ் வெளியே வரும். பாஸ் வெளியே வந்தால் அவர் வேலையும் போகும், நாத்தனாருக்கு வரவேண்டிய பி.எஃப். பணமும் போகும். அக்கா அதிகாரி கையிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று யார்டில் இறங்கிவிட்டார். முழங்கால் கட்டோடு அவர் அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. உலைக்குப் போகத் தயாராகத் தொட்டி நிரம்பி நின்றது. எல்லார் கண்ணும் பார்க்க அதில் போட்டார். பித்தளையைப் பொறுக்கி எடுக்கத்தான் அவருக்குக் கூலி. அன்று நாக்கோடு போட்டார். கிரேன் தொட்டியைத் தூக்கியது. அதிகாரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது; பெயரை யாரும் மறுபடி கேட்கவில்லை. மூன்று நாள் வேலைக்கு வராதே என்றார்கள். எனக்கு, சாம்பிள் பெட்டிகளைப் பூட்டி வைக்கும்படி ஒரு கடிதம் வந்தது. அதை மட்டும் உடனே எழுதிவிட்டார்கள்.

அந்த உருக்கின் வில்லை வழக்கம்போல என்னிடம் வந்தது. மெஷினில் வைத்தேன். காப்பர் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அத்தனை டன்னில் அந்த நாக்கு எம்மாத்திரம். வில்லையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அக்கா வந்தார். வேலை செய்தார். மஞ்சளைப் பொறுக்கினார், வாய் மூடியதைப் பொறுக்கினார், மற்றதைத் தள்ளினார். மத்தியானம் மற்ற பெண்களோடு ஷெட்டில் சாப்பிட்டார். என்னைப் பார்த்தால் "இன்னா சார், நாஷ்டா ஆச்சா?" என்று எப்போதும்போலத்தான் கேட்டார். கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அந்தக் கேள்வியை மட்டும் அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. எந்தச் சாமானையும் திருப்பிப் பார்க்கவில்லை. வரிசை ஓடியது. மேஸ்திரிகூட ஒருநாள் என்னிடம், "யார்டே ஊமையாப் பூட்ச்சு சார்" என்றார்.

வருஷக் கடைசியில் காண்ட்ராக்டர் மாறினார். புது ஆள் ஆதார் அட்டையும் கைரேகையும் கேட்டார். நாத்தனார் பாஸ் அதோடு முடிந்தது. சொந்தப் பெயரில் சேரலாமே அக்கா என்றேன். ஐம்பதுக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். கடைசி நாள் மத்தியானம் அவராகவே லேபுக்கு வந்தார். சொல்லிக்கொண்டு போக. நான் வில்லையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன்.

அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். பல மாதம் கழித்து அவர் குரலில் அது வந்தது.

"இது இன்னாவா இருந்துச்சு சார்?"

"உங்க கத்திதான்கா. அன்னைக்கு உருக்குன இரும்பு. இதுல அதுவும் இருக்கு."

கட்டைவிரலால் வில்லையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். மணிக்கட்டு லேசாகத் திரும்பியது, பட்டை தூக்குகிறாற்போல. பிறகு மேஜைமேல் வைத்தார்.

"இத்த நைனா கைல குடுத்தா, அவருக்கு இன்னான்னு சார் தெரியும்?"

நான் வில்லையை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வோணாம் சார். கேட்லயும் புடிப்பாங்க" என்று சொல்லி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வில்லை இன்னும் என் டிராயரில் இருக்கிறது. சீட்டு ஒட்டவில்லை. மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பஞ்சால் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன்.